மிஸ்டர் ஓக்லியின்ரை பதின்மூண்டாவது பிளை

இருபத்தொரு வருஷமா நான் மீன்கடையிலை வேலை செய்யிறன் எண்டுதான் லண்டன் நோர்பரியிலை எங்கட ஆக்கள் முழுப்பேரும் நினைச்சுக்கொண்டிருந்தவை. கோயிலிலை கண்டா, "சரோக்கா, விளைமீன் இப்ப என்ன விலை? எங்களுக்கும் ரெண்டு கிலோ எடுத்துத் தரேலுமோ?" எண்டு கேப்பினம். நானோ முட்டையும் தொடாத சைவம். "ஐயோ பிள்ளை, அது மீன் விக்கிற கடை இல்லை, மீன்பிடிச் சாமான் விக்கிற கடை" எண்டு சொன்னா, "ஓ, வலை விக்கிறியளோ?" எண்டு அடுத்த கேள்வி வரும். வலையும் இல்லையெண்டா முகத்திலை ஒரு இரக்கம் வரும் பாருங்கோ, பாவம் மனுசி, தான் என்ன வேலை செய்யிறன் எண்டு தனக்கே தெரியாது போலை எண்டு.

போன மாசம் வேலையாலை நிண்டிட்டன். எனக்குப் பிறகு என்ரை மேசையிலை இருக்கிற ரெண்டு பிள்ளையள், "சரோ, எந்தத் தண்ணிக்கு எந்தப் பிளை எண்டு எழுதி அனுப்புங்கோ" எண்டு வாட்ஸ்அப்பிலை ஒரே அரியண்டம். இங்கிலீசிலை எழுத வெளிக்கிட்டா எனக்கு இலக்கணம்தான் வரும், பகிடி வராது. அதாலை தமிழிலை எழுதுறன். அதுகள் போனிலை போட்டு மொழிபெயர்த்துப் படிக்கட்டும். விளைமீன் கேட்டவைக்கும் இது ஒரு பதிலாப் போகும்.

நான் செய்தது பொய்ப்பூச்சி கட்டுற வேலை. தூண்டில் முள்ளிலை இறகு, மயிர், கம்பளி, சரிகை எல்லாம் வைச்சு நூலாலை சுத்திக் கட்டுறது. அதைத்தான் பிளை எண்டு சொல்லுறது. அதுக்குள்ளையும் நான் கூடக் கட்டினது ஸ்டீல்ஹெட் எண்ட மீனுக்கு. கனடாவின்ரை மேற்குக் கரை ஆறுகளிலை பிறந்து, கடலுக்குப் போய்ப் பெருத்து, முட்டையிட ஆத்துக்குத் திரும்பி வாற மீன். லண்டனிலை இருக்கிற மனிசர் பிளேன் ஏறிப் போய், இடுப்பளவு குளிர்தண்ணியிலை ஒரு கிழமை நிண்டு, அதைப் பிடிச்சு, ஒருக்கா முகத்தைப் பாத்திட்டுத் திருப்பி ஆத்திலையே விட்டிட்டு வருவினம். விசரெண்டு நினைக்கிறியளோ? முதல் ஆறு மாசம் நானும் அப்பிடித்தான் நினைச்சன். பேந்து அந்த விசர் எனக்கும் பிடிச்சிட்டுது.

இதிலை பெரிய பகிடி என்னெண்டா, ஆத்துக்குத் திரும்பின பிறகு அந்த மீன் பெரிசாச் சாப்பிடாது. பிளையைக் கடிக்கிறது பசியிலை இல்லையாம், எரிச்சலிலையாம். "ஆரடா நீ, என்ரை மூக்குக்கு முன்னாலை?" எண்டு. எங்கட சனத்துக்கு இது லேசா விளங்கும். கலியாண வீட்டிலை வயிறு நிறையச் சாப்பிட்டு முடிஞ்ச பிறகும் "ஆரது அந்தச் சிவப்புச் சீலை?" எண்டு திரும்பிப் பாக்கிறேல்லையோ, அதுதான் சங்கதி. அதாலை பிளை ஒரு சாப்பாட்டுச் சாமான் மாதிரி இருக்கவேணுமெண்டில்லை, ஆளைச் சீண்டினாக் காணும்.

அந்தக் கடைக்கு நான் முதல் போனது கூட்டித் துடைக்க. அப்ப எனக்கு நாப்பத்தஞ்சு வயசு. காலமை துடைச்சுப்போட்டு வீட்டை வந்து சட்டை தைக்கிறது. ஒருநாள் கீழ்த்தளத்து மேசைக்குக் கீழை ஒரு பிளை நூல் கழண்டு கிடந்துது. தையல்காரியின்ரை கை சும்மா இருக்குமோ? எடுத்து, நூலை இறுக்கிச் சுத்தி, முடிச்சும் போட்டு மேசையிலை வைச்சிட்டு வந்திட்டன். அடுத்தநாள் போனா, அந்த மேசைக்காரி எனக்காகக் காத்துக்கொண்டு நிக்கிறா. பேர் ஹேசல். பிளை கட்டுற பகுதிக்கு அவதான் பொறுப்பு. ஸ்கொட்லாந்துக்காரி, என்னிலும் பதினைஞ்சு வயசு இளமை, செம்பட்டைத் தலைமயிர், காதிலை தோட்டுக்குப் பதிலா ரெண்டு பிளை.

"இதை ஆர் கட்டினது?" எண்டு கேட்டா.

"நான்தான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

பிளேட்டை எடுத்துச் சரக்கெண்டு ஒரு வெட்டு. நான் சுத்தின நூல் மட்டுமில்லை, முழுப் பிளையும் உரிஞ்சு விழுந்துது. வெறும் முள்ளை என்ரை கையிலை வைச்சு, "இப்ப முதலிலையிருந்து முழுக்கக் கட்டும் பாப்பம்" எண்டா. அதுதான் என்ரை இன்ரவியூ.

வேலை பழகின ரெண்டு வருஷத்தைப் பற்றி எழுத ஒண்டுமில்லை. நான் கட்டினன், அவ வெட்டினா, கட்டினன், வெட்டினா. வீட்டிலை என்ரை மனுசன் மூக்கைச் சுளிச்சார். "சைவக்காரி, கோழிச் செட்டையையும் மான் மயிரையும் தொட்டுப்போட்டு வாறீர், எப்பிடி விளக்கேத்துவீர்?" எண்டார். "இஞ்சருங்கோ, நான் தொடுறது மயிலும் சேவலும். ரெண்டும் ஆரின்ரை? முருகன்ரை. வள்ளியைப் பெத்ததே மான். பேசாமல் தேத்தண்ணியைக் குடியுங்கோ" எண்டன். மனுசன் தேத்தண்ணிக் கோப்பையைக் கையிலை எடுத்தார்.

ஹேசலின்ரை வாயிலை "நல்லாயிருக்கு" எண்ட சொல்லு வராது. கட்டி முடிச்ச பிளையை நீட்டினா வாங்கி, நூலிலை கட்டி, மேசையிலை இருக்கிற கிளாஸ் தண்ணிக்குள்ளை இறக்குவா. காய்ஞ்ச பிளை எல்லாம் வடிவுதானாம், நனைஞ்சாத்தான் குணம் தெரியுமாம். பிறகு தேக்கரண்டியாலை தண்ணியை ஒரு பக்கமாக் கலக்கிக் கலக்கி, குனிஞ்சு பாப்பா. பிளை நேரா நிக்குதோ, பக்கத்துக்குச் சரியுதோ, இறகு உடம்போடை ஒட்டி ஒட்டி விரியுதோ எண்டு பாப்பா. சரியெண்டா ஒரு சொல்லுப் பேசாமல் பெட்டிக்குள்ளை போடுவா. பிழையெண்டா பிளேட். "முள்ளிலை குற்றமில்லை" எண்டு சொல்லி வெறும் முள்ளைத் திருப்பித் தருவா. ஒருக்கா ரெலிபோனிலை கதைச்சுக்கொண்டே அந்தக் கிளாஸ் தண்ணியை எடுத்து மடக்கெண்டு குடிச்சும் போட்டா. நான் சிரிச்ச சிரிப்பிலை மேலை நிண்ட ஆக்கள் படியிறங்கி வந்து பாத்தவை.

பழைய காலத்துக் கறுப்புப் பிளை ஒண்டு இருக்கு. அதை ஒழுங்காக் கட்டத் தெரிஞ்சா மிச்சமெல்லாம் வரும். முதல் வாலுக்குச் சிவப்புச் சாயம் போட்ட சேவல் இறகிலை ஒரு பத்து இழை. அதின்ரை நீளம் முள்ளின்ரை வளைவைத் தாண்டிக் கனக்கப் போகக்கூடாது. அடியிலை பச்சைக் கம்பளி ரெண்டு சுத்து. பிறகு கறுப்புக் கம்பளியாலை உடம்பு, அதுக்கு மேலை வெள்ளிச் சரிகை அஞ்சு சுத்து, இடைவெளி ஒரேமாதிரி. கழுத்துக்குக் கறுப்புச் சேவல் இறகு ரெண்டரைச் சுத்து. மூண்டு சுத்தினா ஹேசலுக்குக் கண் சிவக்கும். செட்டைக்கு வெள்ளை மான்வால் மயிர், நெருப்புக்குச்சித் தடிப்பிலும் குறையத்தான் வைக்கவேணும். கடைசியாத் தலையிலை நூல் முடிச்சு, வார்னிஷ் மூண்டு தரம். என்ரை வருத்தம் அந்தத் தலையிலைதான். எங்கட ஆக்கள் எதைச் செய்தாலும் அள்ளிப் போடுற ஆக்களல்லோ! இறகையும் மயிரையும் நிறைய வைச்சு, தலைக்கு இடமில்லாமல், நூல் கோக்கிற ஓட்டையையும் மூடிப்போடுவன். "சரோ, இது பிளை, கலியாண மாலை இல்லை" எண்டு சொல்லிக்கொண்டு பிளேட்டை எடுப்பா.

எந்தப் பிளை எண்டு தெரியிறதுக்கும் அவவிட்டை ஒரே ஒரு கேள்விதான். ஆத்தின்ரை பேரைக்கூடக் கேக்கமாட்டா. "முழங்காலளவு தண்ணியிலை நிண்டா உங்கட சப்பாத்து உங்களுக்குத் தெரியுமோ?" வடிவாத் தெரியுமெண்டா சின்ன, கறுத்த, மெலிஞ்ச பிளை. மங்கலாத் தெரியுமெண்டா ஊதா. தெரியவே தெரியாதெண்டா தண்ணி கலங்கல், பெரிய செம்மஞ்சள் பிளை. பிள்ளையள், நீங்கள் கேட்டது இவ்வளவும்தான். அவசரமெண்டா இதோடை வாசிக்கிறதை நிப்பாட்டிப்போட்டு வேலையைப் பாருங்கோ.

ஒரு சனிக்கிழமை மிஸ்டர் ஓக்லி எண்டவரிட்டையும் அதே கேள்வியைத்தான் கேட்டா. எழுபத்தாறு வயசு, ஓய்வுபெற்ற பல் வைத்தியர், எங்கட கடையின்ரை பழைய ஆள். அஞ்சு வருஷம் அடுக்கா ஸ்டீல்ஹெட் ஆத்துக்குப் போனவர். அஞ்சு வருஷமும் வெறுங்கை. மனிசன் சிரிச்சுக்கொண்டே, "தண்ணியிலை பிழையில்லை, ஹேசல். என்ரை சப்பாத்து எனக்கு இஞ்சை நிண்டே தெரியேல்லை" எண்டார்.

அவருக்குக் கண்ணிலை வருத்தம். எங்கை பாத்தாலும் நடுவிலை ஒரு இருட்டுப் பொட்டு, சுத்திவர ஓரத்தாலை மட்டும் கொஞ்சம் தெரியும். அந்த ஓரமும் குறைஞ்சுகொண்டு வருதாம். "இதுதான் கடைசித் தரம். ஒரு ஸ்டீல்ஹெட்டை ஒருக்காக் கண்ணாலை காணவேணும். அதுக்குப் பிறகு என்ன இருட்டு வந்தாலும் வரட்டும்" எண்டார். கவலையாச் சொல்லேல்லை, கடையிலை சாமான் கேக்கிறமாதிரிச் சொன்னார். ஹேசல் அவரைப் பாத்தா, என்னைப் பாத்தா. "தண்ணி தெளிவா இருக்கும், கறுப்பு. பன்னிரண்டு. சரோ, இந்தப் பெட்டி உம்மடை பொறுப்பு" எண்டிட்டுப் போயிட்டா. முழுப் பெட்டி ஒண்டை என்னை நம்பித் தந்தது அதுதான் முதல் தரம். சந்தோசத்திலை அந்த இடத்திலையே பன்னிரண்டு முள்ளை எண்ணி எடுத்து வைச்சன்.

கட்டுறது ஒருபக்கம் கிடக்கட்டும், ஆத்துக்குள்ளை நிண்டுகொண்டு அந்தச் சின்ன ஓட்டையிலை அவர் எப்பிடி நூல் கோப்பார்? ரெண்டு நாள் யோசிச்சன். பிறகுதான் மண்டையிலை ஏறிச்சுது: அவர் கோக்கவே தேவையில்லை. ஒவ்வொரு பிளையிலையும் விரல் நீளத்துக்குத் தடிச்ச நைலோன் நூலை நானே கட்டி, அந்த நுனியிலை ஒரு வளையம் போட்டன். அவரின்ரை தூண்டில் நூலின்ரை நுனியிலையும் ஒரு வளையம். ஒரு வளையத்துக்குள்ளாலை மற்றதை விட்டு, பிளையை அதுக்குள்ளாலை எடுத்து இழுத்தாச் சரி, கண்ணே வேண்டாம். சரிவருதோ எண்டு பாக்க, ஹேசலின்ரை கண்ணைத் தேத்தண்ணித் துவாயாலை கட்டிவிட்டன். முதல் தரம் தன்ரை விரலிலை குத்தினா. ரெண்டாந்தரம் தன்ரை சுவெற்றரிலை கொழுவினா. மூண்டாந்தரம் மாட்டிப்போட்டு, கண்கட்டோடையே எழும்பி நிண்டு கத்தினா பாருங்கோ, உலகக்கோப்பை வெண்டமாதிரி.

பன்னிரண்டும் கட்டி, பன்னிரண்டும் கிளாஸ் தண்ணியிலை பாஸ் பண்ணி, பெட்டியிலை அடுக்கியாச்சு. அதைப் பாத்துக்கொண்டிருக்க எனக்கு மனம் கேக்கேல்லை. பயணம் போற மனிசனுக்கு இரட்டைப்படையிலை குடுக்கிறதோ? மொய்யெண்டாலும் பழமெண்டாலும் எங்கட வீடுகளிலை ஒண்டு கூட வைச்சுத்தான் குடுக்கிறது, முடிஞ்ச கணக்காக் குடுத்தாப் பிறகு வராது எண்டு. அதோடை பன்னிரண்டும் கன்னங்கரேல். நல்ல காரியத்துக்குப் போறவருக்குப் பெட்டி நிறையக் கறுப்போ? சிவசிவா!

இன்னொரு முள்ளை எடுத்து, முள்ளை இறுக்கிப் பிடிக்கிற வைஸிலை பூட்டினன். மஞ்சள் நிறத்திலை உடம்பு. குங்குமச் சிவப்பிலை கழுத்து இறகு. செட்டைக்கு மயில். சரிகை வேணுமே, கடைச் சரிகை மினுக்கம் காணாது. டூட்டிங்கிலை ஒரு கலியாணத்துக்கு மச்சாள் எடுத்துத் தந்த சீலை ஒண்டு இருந்துது, கண்கூசுற நிறம், ஒருக்காலும் உடுக்கேல்லை. அதின்ரை முந்தானையிலை நாலு இழை உருவினன். கட்டி முடிச்சாப் பிறகு பாத்தா, கோயில் தேரைச் சின்னனாக்கி முள்ளிலை குத்தினமாதிரி இருந்துது. ஓரக்கண்ணாலை பாக்கிற மனிசனுக்குப் பெட்டியிலை இந்த ஒண்டாவது தெரியட்டும் எண்டு நினைச்சன். ஹேசலுக்குச் சொல்லாமல் பெட்டியிலை வைச்சுக் குடுத்துவிட்டன். எனக்கு அண்டைக்கு முழுக்கச் சிரிப்பு நிக்கேல்லை.

வியாழக்கிழமை ரெலிபோன் அடிச்சுது. ஹேசல் ஸ்பீக்கரிலை போட்டா. ஓக்லிதான், எயார்போட்டிலையிருந்து. பொழுதுபோகாமல் பெட்டியைத் திறந்து விரலாலை தடவித் தடவி எண்ணிப் பாத்திருக்கிறார்.

"ஹேசல்! பதின்மூண்டு கிடக்கு! பதின்மூண்டு!"

ஹேசலின்ரை முகம் வெளிறிப் போச்சு. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. பேந்துதான் சொன்னா, வெள்ளைக்காரருக்குப் பதின்மூண்டு ஆகவே ஆகாதாம், அதிலையும் மீன்பிடிக்கப் போறவைக்கு, எங்களுக்குப் பூனை குறுக்கை போனமாதிரியாம்.

"மிஸ்டர் ஓக்லி, நான்தான் வைச்சனான். ஒண்டு கூட வைச்சா நல்லது எண்டு..." எண்டு நான் இழுத்தன்.

"உமக்கு அதை ஆர் சொன்னது?" எண்டா ஹேசல்.

"எங்கட சனம் முழுக்கச் சொல்லும்!"

"ஒண்டைக் குப்பைத்தொட்டியிலை போடப்போறன்" எண்டார் அவர்.

"ஐயோ, எறியாதேங்கோ! ஆருக்கும் குடுங்கோ!" எண்டு நான் போட்ட சத்தத்திலை லைன் கட்டாப் போச்சுதோ, அவர்தான் வைச்சாரோ தெரியாது.

ஹேசல் ஏசேல்லை. ஏசியிருந்தாக்கூடச் சுகமா இருந்திருக்கும். "அவர் வெறுங்கையோடை வந்தா, அந்தக் கதையை நீர்தான் முன்னுக்கு நிண்டு கேக்கவேணும்" எண்டு மட்டும் சொன்னா. அண்டைக்கு எனக்கு ஒரு வாய் சோறு இறங்கேல்லை. மனிசனின்ரை கடைசிப் பயணம், அதிலை நான் போய் அபசகுனத்தை வைச்சுக் குடுத்திருக்கிறன். என்ரை மனுசன் எண்டா விழுந்து விழுந்து சிரிக்கிறார். "உம்மடை மொய்யாலை ஒரு வெள்ளைக்காரன் கவிண்டான்" எண்டு. பிள்ளையாருக்குத் தேங்காய் நேந்தன். எத்தினை எண்டு நினைக்கேக்கை பதின்மூண்டு வாயிலை வந்துது, கெதியாப் பதினொண்டெண்டு மாத்தினன்.

மூண்டு கிழமைக்குப் பிறகு கதவைத் திறந்துகொண்டு மிஸ்டர் ஓக்லி வந்தார். பின்னாலை ஒரு அம்மா, எழுபது வயசு மதிக்கலாம், நல்ல உயரம், சிரிச்சாக் கடையின்ரை கண்ணாடி அதிரும். நான் பெட்டியள் அடுக்கியிருந்த தட்டுக்குப் பின்னாலை ஒளிச்சன்.

"சரோ எங்கை? என்ரை மீனை வேறை ஆளுக்குக் குடுத்த மனுசி எங்கை?" எண்டார்.

நடந்தது இதுதான். போன முதல் நாளே தங்கின இடத்துச் சாப்பாட்டு மேசையிலை பக்கத்திலை இருந்த இந்த அம்மாவிட்டை, "எனக்கு ஒண்டு கூடிப்போச்சு, நீங்கள் வைச்சுக்கொள்ளுங்கோ" எண்டு அந்த மஞ்சள் பிளையைத் தள்ளிவிட்டிருக்கிறார். அடுத்தநாள் ஒரு மடுவிலை ஒரு மணித்தியாலம் கறுப்புப் பிளையை எறிஞ்சு எறிஞ்சு பாத்திட்டு அவர் கரையேற, பமிலா, அதுதான் அந்த அம்மா, இறங்கி ஒரே ஒருக்கா எறிஞ்சாவாம். தடி வில்லா வளைஞ்சுதாம். "இந்தக் கல்லுகளிலை என்னாலை நடக்கேலாது, வந்து பிடியுங்கோ!" எண்டு அவ கத்த, இவர் தண்ணிக்குள்ளை விழுந்தடிச்சுப் போய் மீனை வாலிலை பிடிச்சிருக்கிறார்.

"அப்ப கண்டனீங்கள்!" எண்டு நான் தட்டுக்குப் பின்னாலையிருந்து வெளியிலை வந்திட்டன்.

"இல்லை" எண்டார். "அவசரத்திலை நேரா உத்துப் பாத்திட்டன். நடுவிலை ஒரே இருட்டு. குளிராக் கையிலை இருந்துது, துடிச்சுது, வழுக்கிப் போட்டுது."

பமிலா குறுக்கை விழுந்தா. "விசர் மனிசன்! பக்கத்தாலை பாரும் எண்டு கத்தினனான், கேட்டாத்தானே. அடுத்த வருஷம் நான் கூட்டிக்கொண்டு போறன்." முப்பது வருஷம் லண்டனிலை பஸ் ஓடின மனுசி, சொன்னாச் சொன்னதுதான். இதிலை கூத்தைக் கேளுங்கோ: அவ இருக்கிறது குறொய்டன், இவர் இருக்கிறது நோர்பரி. ஒரே பஸ்ஸிலை பத்து நிமிசம். ரெண்டு பேரும் கனடாவுக்குப் போயெல்லோ சந்திச்சிருக்கினம்! என்ரை பிளை மீன் பிடிச்சுதோ இல்லையோ, சம்பந்தம் பேசிப்போட்டுது. நான் வாயைப் பொத்திக்கொண்டு கீழ்த்தளத்துக்கு ஓடிப்போய்ச் சிரிச்சன்.

அடுத்த வருஷம் அவருக்குக் கண் இன்னும் மோசம். மங்கிக்கொண்டு போற ஓரத்தை நம்பித்தான் போனவர். அந்த முறை ஹேசலும் நானும் சேந்து கட்டினம், பாதி கறுப்பு, பாதி என்ரை நிறங்கள், எல்லாத்திலையும் வளையம். எத்தினையெண்டு கேக்க எனக்கு வாய் வரேல்லை.

புரட்டாதி மாசம், கடை பூட்ட இன்னும் ஒரு மணித்தியாலம். ரெலிபோன் அடிச்சுது. எடுத்தா ஒரே இரைச்சல், ஆறு ஓடுற சத்தம், அதுக்குள்ளாலை பமிலாவின்ரை குரல். "பிடிச்சிட்டார்! பிடிச்சிட்டார்! தன்ரை கையாலை மாட்டின பிளை!"

ஹேசல் ரெலிபோனைப் பறிச்சா. "எந்தப் பிளை? எந்தப் பிளை?"

"கறுப்பு!"

அவ்வளவுதான். ஒருநாளும் ஒரு நல்ல சொல்லுச் சொல்லாத ஹேசல், ரெலிபோனை மேசையிலை வைச்சிட்டு என்ரை இடுப்பைப் பிடிச்சுச் சுழட்டத் தொடங்கினா. நான் கட்டின பிளையோ அவ கட்டின பிளையோ, எங்களுக்கே தெரியாது. கடைக்குள்ளை நிண்ட ஆக்கள் ஒதுங்கி வழிவிட்டினம். எனக்கு முழங்கால் நோ, ஆனா ஆர் அதைப் பாத்தது? ரெண்டு பேரும் தூண்டில் தடியளுக்கு நடுவிலை சுத்திச் சுத்தி ஆடினம். மேசையிலை கிடந்த ரெலிபோனுக்குள்ளையிருந்து, "சரோ நிக்கிறாவோ?" எண்டு ஒரு சின்னக் குரல் கேட்டுது.

ஓடிப்போய் எடுத்தன். மூச்சு வாங்குது. "நிக்கிறன், மிஸ்டர் ஓக்லி, நிக்கிறன், சொல்லுங்கோ."

"நேராப் பாக்கேல்லை, சரோ. பமிலா சொன்னமாதிரி முகத்தை மற்றப் பக்கம் திருப்பிப்போட்டு, ஓரத்தாலை பாத்தனான். வெள்ளி. அப்பிடியே வெள்ளி. விலாவிலை ஒரு மெல்லிய ரோசாக் கோடு, கமுக்கமா, இருக்கோ இல்லையோ எண்டமாதிரி. முதுகிலை சின்னச் சின்னக் கறுப்புப் பொட்டு. வாலை ஒருக்கா ஆட்டிப்போட்டுப் போயிட்டுது." ஆத்துச் சத்தம் மட்டும் கேட்டுது. "நான் கண்டிட்டன், சரோ. நான் கண்டிட்டன்."

எனக்குக் கண்ணாலை தண்ணி ஓடுது. துடைக்கவும் தோணேல்லை.

"ஓம், ஐயா. கண்டிட்டியள்" எண்டன்.